நெஞ்சில் ஏறி அமர்வது யார்?

நள்ளிரவில் திடீரென்று விழிப்பு வருகிறது. அறை தெரிகிறது. மின்விசிறி சுழலும் ஒலியும் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமுவதும் காதில் விழுகின்றன. ஆனால் கையை அசைக்க முடியவில்லை. கூப்பிட நினைத்தால் குரல் எழவில்லை. கதவருகே கரிய உருவம் ஒன்று நிற்கிறது. அது மெல்ல நெருங்கி, நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்து அழுத்துகிறது. மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது. பிறகு, ஏதோ ஒரு நொடியில், எல்லாம் விலகிவிடுகிறது. வியர்த்து எழுந்து உட்கார்ந்தால் அறையில் யாரும் இல்லை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதை ‘அமுக்குவான்’ என்றும் ‘அமுக்குப் பேய்’ என்றும் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் நரம்பியல் பிரிவில் இதைப் பற்றிய கேள்வி நேராக வருவதில்லை. தலைவலிக்காகவோ கழுத்துவலிக்காகவோ வந்தவர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, “டாக்டர், இன்னொன்று கேட்டால் தவறாக நினைக்க மாட்டீர்களே?” என்று தயங்கித் தொடங்குவார். உள்நோயாளர் கூடத்தில் அது வேறு வடிவில் வரும். “சிஸ்டர், இந்தக் கட்டிலில் யாராவது இறந்து போனார்களா? வேறு கட்டில் இருந்தால் மாற்றிக் கொடுங்களேன்.” இவ்வாறு கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவருக்குத் துணையாக வந்து, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ தாயோ தம்பியோதான்.

சிரிப்பார்களோ, மனநோய் என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் இதைச் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவ்வாறு மறைப்பதால், எளிதில் தீர்க்கக்கூடிய சில நோய்கள் ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமல் போகின்றன. ஆகவே இந்த இதழில் அமுக்குவானைப் பற்றியும், அவனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் வேறு சிலவற்றைப் பற்றியும் விளக்க விரும்புகிறோம்.

விழித்த மனமும் உறங்கும் உடலும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இதைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உணர்ந்த அசையாமையும் அழுத்தமும் அச்சமும் உண்மையானவை. அவை எங்கிருந்து வருகின்றன என்பதே கேள்வி.

நம் உறக்கம் ஒரே சீரானதன்று. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை, மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வருகிறது. 1953-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவர் இக்கட்டத்தை முதன்முதலில் ஆய்வுலகுக்கு விவரித்தனர். நாம் காணும் தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் இப்போதுதான் எழுகின்றன. எனவே இதைக் கனவுறக்கம் என்று இங்கே குறிப்பிடுவோம். இந்நேரத்தில் மூளையின் தண்டுப் பகுதி ஒரு முன்னெச்சரிக்கை நடவடிக்கையை எடுக்கிறது. தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பி, கைகால் தசைகளைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகிறது. இல்லாவிட்டால், கனவில் ஓடும் ஒருவர் கட்டிலிலிருந்து குதித்து ஓடத் தொடங்கிவிடுவார். கண்களை அசைக்கும் தசைகளும், மூச்சுக்கு முதன்மையான உதரவிதானமும் மட்டும் தொடர்ந்து வேலை செய்கின்றன.

வழக்கமாக நாம் விழிக்கும்போது கனவு, தசைத் தளர்ச்சி இரண்டும் ஒருசேரக் கலைகின்றன. எப்போதாவது மனம் முந்திக்கொள்கிறது. கண் திறந்துவிட்டது, அறை தெரிகிறது, ஆனால் தசைகளைக் கட்டிய முடிச்சு இன்னும் அவிழவில்லை, கனவும் முழுமையாகக் கலையவில்லை. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை நீடிக்கும் இந்த இடைநிலையே மருத்துவத்தில் தூக்க முடக்கம் எனப்படுகிறது. பெயரில் முடக்கம் என்று இருப்பதால் பக்கவாதமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நெஞ்சில் அழுத்தம் ஏன்? கனவுறக்கத்தில் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் தளர்ந்திருக்கும். உதரவிதானம் தன்போக்கில் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். உடலுக்குத் தேவையான காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பயந்து விழித்த நாம் ஆழ்ந்த மூச்சு ஒன்றை வலிந்து இழுக்க முயல்கிறோம். விரிய வேண்டிய மார்பு விரிவதில்லை. ‘மேலே ஏதோ கனமாக இருக்கிறது’ என்று மூளை அதற்குப் பொருள் கொள்கிறது.

அந்தக் கரிய உருவத்தைப் பற்றியும் ஓரளவு விளக்க முடியும். 2006-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு நிகழ்வை விவரித்தனர். வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சைக்கு முன், 22 வயதுப் பெண் ஒருவரின் மூளையைச் சிறு மின் தூண்டலால் பரிசோதித்தனர். இடது பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஒரு பகுதியைத் தூண்டியபோதெல்லாம், தமக்குப் பின்னால் நிழல் போன்ற ஒருவர் இருப்பதாக அப்பெண் உணர்ந்தார். அவர் எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் அந்த நிழலும் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டது. தூண்டல் நின்றதும் நிழல் மறைந்தது. நம் உடல் எங்கே இருக்கிறது, அதன் எல்லை எது என்று கணக்கு வைத்திருப்பதில் மூளையின் அப்பகுதிக்குப் பங்குண்டு. அந்தக் கணக்குக் குழம்பும்போது நம் சொந்த உடலே இன்னொருவராகத் தோன்றக்கூடும். தூக்க முடக்கத்திலும் இதையொத்த குழப்பம் நிகழ்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அத்துடன் அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதிகள் கனவுறக்கத்தில் மிகவும் விழிப்பாக இருப்பவை. ஆகவே வருபவர் நண்பராக வருவதில்லை.

உருவம் ஒன்றே, பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் அவள் ஒரு கிழவி. ஜப்பானியர் இதைக் கனஷிபாரி என்பர். உலோகத்தால் கட்டுண்டது போன்ற நிலை என்பது அச்சொல்லின் பொருள். ஹென்றி ஃபியூசெலி என்ற ஓவியர் 1781-ல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், மல்லாந்து படுத்த பெண்ணின் மார்பின்மேல் குட்டிச்சாத்தான் போன்ற ஒன்று குந்தியிருக்கிறது. மல்லாந்து படுத்த நிலை என்பதைக் கவனியுங்கள். மல்லாந்து படுப்பவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது என்று இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன.

பேயை மறுக்கப் புறப்பட்ட சிலரின் விளக்கங்களும் சரியானவை அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ‘புளியமரத்தடியில் படுத்தால் அமுக்குவான் வரும், ஏனெனில் இரவில் மரம் கரியமில வாயுவை வெளியிடுகிறது’ என்பதை நாம் பள்ளியிலேயே கேட்டிருப்போம். இரவில் எல்லா மரங்களும் சுவாசிக்கத்தான் செய்கின்றன. திறந்தவெளியில் அந்த வாயு காற்றோடு கலந்துவிடுகிறது. ஒருவரின் நெஞ்சை அழுத்தும் அளவுக்கு அது தேங்குவதில்லை. மரமே இல்லாத நான்காம் மாடி வீட்டிலும் அமுக்குவான் வருகிறான். அதுபோலவே, ‘இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது’ என்பதும், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி விற்கப்படும் லேகியங்களும் பொருளற்றவை.

மருத்துவமனையில் ஏன் மிகுதி?

2011-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 35 ஆய்வுகளில் இடம்பெற்ற 36,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. வாழ்நாளில் ஒருமுறையேனும் தூக்க முடக்கம் கண்டவர்கள் பொதுமக்களில் 7.6 விழுக்காடு, மாணவர்களில் 28.3 விழுக்காடு. தேர்வுக் காலத்தில் கண்விழிக்கும் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

உறக்கம் குறைவதும் இடையிடையே கலைவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களை நள்ளிரவில் எழுப்பிச் சற்று நேரம் விழித்திருக்கச் செய்து, மீண்டும் உறங்க விட்டனர். அவர்களுள் சிலருக்கு ஆய்வுக்கூடத்திலேயே தூக்க முடக்கம் வந்தது. எழுப்பப்பட்டு மீண்டும் உறங்கும்போது சிலருக்கு உறக்கத்தின் வாசலிலேயே கனவுறக்கம் வந்துவிடுகிறது. மனம் முழுவதும் அடங்குவதற்கு முன்பே தசைகள் தளர்ந்துவிடுகின்றன.

இனி, உள்நோயாளருக்குத் துணையிருப்பவரின் இரவை எண்ணிப் பாருங்கள். பதினொரு மணிக்கு ஒரு மருந்து. இரண்டு மணிக்கு இரத்த அழுத்தம் பார்க்க வருவார்கள். நான்கு மணிக்குச் சலைன் பாட்டில் மாற்ற வேண்டும். இடையிடையே அரைமணி நேரத் தூக்கம். திரும்பிப் படுக்க இடமில்லாததால் மல்லாந்தே கிடக்க வேண்டிய குறுகிய தரை. அதற்கு மேல் நோயாளியைப் பற்றிய கவலை. அந்த ஜப்பானிய ஆய்வுக்கூடத்தை அப்படியே இங்கே அமைத்து வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்! முன்பு அக்கட்டிலில் இருந்தவர் நலமாக வீடு திரும்பியிருந்தாலும் இறந்திருந்தாலும், இத்தகைய உறக்கத்தில் அமுக்குவான் வரக்கூடும். துணைக்கு இருவர் முறை மாற்றிக்கொள்வதும், ஒருவர் வீட்டுக்குச் சென்று ஓர் இரவு முழுமையாக உறங்கி வருவதும் நல்ல மருந்து.

முடக்கம் வந்திருக்கும் நேரத்தில் முழு உடலையும் உதறி எழ முயல வேண்டாம்; அச்சமே கூடும். கண்களை இடமும் வலமும் அசையுங்கள். ஒரே ஒரு கால்விரலை அசைப்பதில் மட்டும் மனத்தைச் செலுத்துங்கள். மூச்சை வலிந்து இழுக்காமல் அதன்போக்கில் விடுங்கள். அருகில் இருப்பவர் பெயரைச் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ பெரும்பாலும் உடனே கலைந்துவிடும். ஒருக்களித்துப் படுப்பதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்கப் போவதும், மாலைக்குப் பிறகு காபி தேநீரைத் தவிர்ப்பதும் வருமுன் காக்கும். எப்போதோ ஒருமுறை வந்து போவதற்கு மாத்திரை தேவையில்லை.

அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறிப்பாக, கல்லூரி செல்லும் வயதுப் பிள்ளை ஒருவர் இரவில் நன்றாக உறங்கியும் வகுப்பிலும் பேருந்திலும் தாங்க முடியாமல் தூங்கி விழுகிறார். வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கிக் கீழே சரிகிறார். அத்துடன் அமுக்குவானும் வருகிறான் என்றால், அது நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கலாம். விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். மருந்துகள் உண்டு, படிப்பைத் தொடரலாம். அந்தப் பிள்ளை ‘சோம்பேறி’ என்றும் ‘காற்று கருப்பு பட்டவன்’ என்றும் ஒரே வீட்டில் இரு பெயர்களைச் சுமந்துகொண்டு பல ஆண்டுகள் கழிப்பதுதான் வருத்தத்துக்குரியது. உரத்த குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தி. 1970-களின் இறுதி முதல் அமெரிக்காவில் குடியேறிய தென்கிழக்காசிய அகதிகளில், குறிப்பாக லாவோசிலிருந்து வந்த மாங் இனத்தவரில், உடல்நலம் மிக்க இளைஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உறக்கத்தில் திடீரென்று இறந்தனர். நெஞ்சை அழுத்தும் ஆவி அவர்கள் மரபிலும் உண்டு. அதன் வேலை இது என்று அச்சம் பரவியது. பின்னாளில், இத்தகைய மரணங்களுள் பலவற்றுக்கு 1992-ல் விவரிக்கப்பட்ட புருகாடா என்ற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு காரணம் என்று தெரியவந்தது. தூக்க முடக்கம் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் இளம் வயதினர் எவரேனும் காரணம் தெரியாமல் உறக்கத்தில் இறந்திருந்தால், ஒரு இ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

அமுக்குவான் அல்லாதவை

இப்போது, நாங்கள் மிகவும் கவலைப்படும் பகுதிக்கு வருகிறோம்.

கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட ஐம்பது வயதுக்காரர் மூன்றாம் நாள் இரவில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், இறந்துபோன அண்ணன் வாசலில் நின்று கூப்பிடுகிறார் என்கிறார், கை நடுங்குகிறது, ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிகிறார். ‘விபத்து நடந்த இடத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது’ என்று உறவினர் திருநீறு வாங்கி வரப் புறப்படுவார்கள். நாள்தோறும் மது அருந்தியவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் இந்நிலை வரும். உடனே சிகிச்சை தராவிட்டால் உயிருக்கே ஆபத்து. சேர்க்கும்போது, “குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டால், “எப்போதாவதுதான் டாக்டர்” என்று மனைவி தலைகுனிந்து சொல்வார். அம்மா, உங்களைக் குறைகூறுவதற்காக நாங்கள் கேட்பதில்லை. கடைசியாக எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால் அந்த மூன்றாம் இரவைத் தடுத்துவிடலாம்.

முதியவர்களுக்கு மது இல்லாமலும் இது நேரும். சிறுநீரில் கிருமி, இரத்தத்தில் சோடியம் குறைதல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை ஆகியவற்றில் எதுவும் போதும். பகலில் ஓரளவு தெளிவாக இருந்த பாட்டி மாலையானதும் இல்லாதவர்களோடு பேசுவார். தூக்க முடக்கத்தில் ஆள் தெளிவாக இருப்பார், உடல்தான் அசையாது, நிமிடங்களில் முடிந்துவிடும், மறுநாள் முழுவதையும் சொல்வார். இங்கே உடல் அசையும், ஆள்தான் தெளிவாக இல்லை, மணிக்கணக்கில் நீளும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையைக் கண்டால் விடியும் வரை காத்திராமல் செவிலியரை எழுப்புங்கள்.

இளம்பெண்களில் வரும் இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தவர் சில நாட்களிலேயே பொருளற்றுப் பேசுகிறார், உறங்குவதில்லை, யாரோ தம்மைக் கொல்ல வருவதாக அலறுகிறார். பிறகு வாய் கோணுகிறது, வலிப்பு வருகிறது, பேச்சு நிற்கிறது. பேய் பிடித்தல் என்று நம் ஊரில் சொல்லப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான வருணனை இல்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குவதால் வரும் இந்த மூளை அழற்சி, ஹோசப் தல்மாவ் குழுவினரால் 2007-ல் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. சிலருக்குச் சூலகத்தில் உள்ள ஒரு கட்டி இதற்குக் காரணமாகிறது. உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். இங்கே நாட்கள் முக்கியம்.

கோவிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ செல்வதை நாங்கள் தடுப்பதில்லை. வேண்டுதலால் மனம் தேறும் குடும்பங்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். நாங்கள் கேட்பது சிலவே. அடிக்கக் கூடாது, மிளகாய்ப் புகை போடக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது. விரதம், பத்தியம் என்று வலிப்பு மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் போயினர்; 28 பேர் உயிரிழந்தனர். தாயத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு ஒரே வேண்டுகோள்: எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லும் முன் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம்.

அஞ்ச வேண்டாதவையும் உண்டு. கண்புரையாலோ விழித்திரைக் கோளாறாலோ பார்வை மங்கிய முதியவர், தெளிந்த அறிவோடு, முற்றத்தில் சிறு மனிதர்களும் பூ வேலைப்பாடுகளும் தெரிவதாகச் சொல்லலாம். பார்வை குறைந்த இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்வதால் இது வருகிறது. கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று அவர் காதுபடப் பேசாதீர்கள். கணவரை இழந்தவர் அவருடைய செருப்பொலியைக் கேட்டதாகவோ அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ சொன்னாலும் அஞ்ச வேண்டியதில்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971-ல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இவ்வனுபவம் இருந்தது. பலர் அதை ஆறுதலாகவே கருதினர். அதுவரை அதை யாரிடமும் சொல்லாதவர்களே பெரும்பாலோர். உறக்கமும் உணவும் குலைந்தால் மட்டுமே அதற்கு மருத்துவ உதவி தேவைப்படும்.

எங்களிடம் வரும்போது இவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: எந்த நேரத்தில் நேர்ந்தது, எந்த நிலையில் படுத்திருந்தார், எவ்வளவு நேரம் நீடித்தது, பெயர் சொல்லி அழைத்தபோது பதில் சொன்னாரா, மறுநாள் நினைவிருந்ததா, அந்த வாரத்தில் எந்த மருந்து புதிதாகத் தொடங்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி இருந்தால் இன்னும் நல்லது. புறநோயாளர் சீட்டில் ‘தூக்கக் கோளாறு’ என்று எழுதச் சொன்னால் போதும். மற்றதை அறைக்குள் பேசிக்கொள்ளலாம். இரவில் கூடத்திலேயே இது நேர்ந்தால் பணியில் உள்ள செவிலியரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். இரவுப் பணி முடித்துப் பகலில் படுக்கப்போகும் அவர்களுள் சிலருக்கும் அமுக்குவான் பழக்கமானவனே.